பழைய மேயரே தேவலை

செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்கு சேந்த் பெலாஜி ஊரில் யார் வீட்டிலாவது போன் அடித்தால், கூப்பிடுகிறவர் வெளியூர்க்காரர் என்று அர்த்தம். உள்ளூரில் எவரும் அந்த நேரத்தில் போனைத் தொடமாட்டார்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பிறந்தவர்களுக்கு எட்டு மணி நாடகத்தைப் பார்த்தாக வேண்டும். பார்த்ததை மறுநாள் காலை கடையிலும் பெட்ரோல் பங்கிலும் நின்று பிய்த்து உதறியாக வேண்டும். இல்லாவிட்டால் அன்றைய காபி தொண்டையில் இறங்காது.

அப்படிப்பட்ட ஊரில், எட்டு மணி நாடகத்தை எழுதியவனே சொந்த மகன் என்றால் ஒரு தாய்க்கு எப்படி இருக்கும்? அந்த செப்டம்பரில் லூசீலுக்குக் கால் தரையில் பாவவில்லை.

லூசீல் லவுவாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. புருஷன் போன பிறகு அவருடைய டிராக்டரை விற்கச் சொன்னவர்களை எல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தானே ஏறி உட்கார்ந்தவள். குளிர்காலம் முழுக்க ஊரில் பாதி வீடுகளின் வாசல் பனியை அவள்தான் அள்ளி வீசுகிறாள். யாருக்கும் தலை வணங்காதவள் என்று பெயர். ஆனால் மகன் பஸ்தியேன் பெயரை யாராவது எடுத்தால் போதும், ஒரே விநாடியில் வெண்ணெயாகிவிடுவாள். அவன் மொன்ட்ரியாலில் இருந்துகொண்டு நெடுநாள் மற்றவர்களுடைய நாடகங்களுக்கு வசனம் ஒட்டிக்கொண்டிருந்தான். இப்போதுதான் முதன்முறையாக அவன் பெயரிலேயே ஒரு நாடகம்.

'ஆற்றுமுனை' என்று பெயர். முதல் நாளன்று மாதாகோயில் கீழ்த்தள மண்டபத்தில் பெரிய திரை கட்டினார்கள். ஊரே வந்துவிட்டது. லூசீல் பக்கத்து நகரமான ரிமூஸ்கிக்குப் போய் வாங்கி வந்த புது நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில், நடுவில் உட்கார்ந்தாள். மண்டபத்துக்குள் அனல் அடித்தது. கோட்டைக் கழற்றவில்லை. 'எழுதியவர்: பஸ்தியேன் லவுவா' என்று எழுத்து விழுந்ததும் கைதட்டலில் மேசைமேல் இருந்த காபிக் கோப்பைகள் கிலுகிலுத்தன.

கதை இதுதான். வெளியூரில் வேலை போன ஒருவன் பிறந்த ஊருக்குத் திரும்பி வந்து, செத்துக்கிடந்த உள்ளூர் வானொலியை எடுத்து நடத்துகிறான். ஊர்க்காரர்கள் மூடி வைத்ததையெல்லாம் காலை ஏழு மணிக்குப் போட்டு உடைக்கிறான். அந்த ஊரில் ஒரு மேயர். சவ அடக்கத்தில் இரங்கல் பேச எழுந்தவர், நாலாவது வாக்கியத்தில் தான் போட்ட தார் ரோட்டுக்கு வந்துவிடுகிறார். பின்வரிசையில் பட்டறைக்கார கஸ்தோன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"யோவ் ரொசேர்! உன்னையேதான்யா! உன் மாமனார் அடக்கத்துல பேசினியே!"

மேயர் ரொசேர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு கார்ப் பட்டறைக்காரன் வந்தான். பிரேக்கைச் சரிசெய்துவிட்டு, போகிற போக்கில் விளக்குக் கம்பியைத் தளர்த்திவிட்டான், வண்டி அடுத்த வாரமும் வரட்டும் என்று. கஸ்தோனுடைய சிரிப்பு கரண்ட் போனது போல நின்றது. இப்போது மேயர் சிரித்தார். அப்புறம் சன்னலின் பச்சைத் திரைச்சீலைக்குப் பின்னால் பைனாகுலரோடு நின்று எதிர்வீட்டை வேவு பார்க்கும் ஒரு பெண் வந்தாள். மேயரும் கஸ்தோனும் ஒருமிக்கத் திரும்பி மரியேலைப் பார்த்தார்கள். லூசீலுக்கு எதிர்வீட்டுக்காரி, சின்ன வயதுத் தோழி. மரியேல் கைப்பையைத் திறந்து எதையோ வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் மொன்ட்ரியால் பத்திரிகைகள் கொண்டாடிவிட்டன. 'திரையில் மனிதர்கள் மூச்சு விடுவதைப் பார்த்து எத்தனை நாளாகிறது!' என்று ஒரு விமர்சகர் எழுதியிருந்தார். மாகாணத்தில் நாலில் ஒருவர் பார்த்தாராம். லூசீல் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து டிராக்டரின் கண்ணாடிக்குள் ஒட்டிவைத்தாள்.

தொல்லை அக்டோபரில் ஆரம்பித்தது.

பனி விழுவதற்கு முன்னால் வீட்டுக்கு வீடு போய், வாசல் பாதையின் இரண்டு பக்கமும் ஆரஞ்சு நிறக் கழிகளை நட்டுவிட வேண்டும். பனி மூடிய பிறகு எது பாதை, எது பூச்செடி என்று டிராக்டருக்கு அந்தக் கழிகள்தான் சொல்லும். லூசீல் கழிக்கட்டோடு போன ஒவ்வொரு வாசலிலும் ஒரு வழக்கு காத்திருந்தது.

"எங்க வீட்டுத் திரை பச்சை. டிவில வர்றதும் பச்சை," என்றாள் மரியேல்.

"உலகத்துல வேற யாரு வீட்டுலயும் பச்சைத் திரை இல்லையாக்கும்?"

"பைனாகுலர்?"

லூசீல் கழியைத் தரையில் இறக்குவதில் மும்முரமாகிவிட்டாள்.

"நீ வளர்த்த பிள்ளைடி அவன்! எங்க வீட்டு அடுப்படில உக்காந்து கேக் தின்னவன். இப்படியா செய்வான்?"

கஸ்தோன் இன்னும் ஒரு படி மேலே போனான். டிராக்டருக்குப் புது பெல்ட் மாட்ட வந்தவளை வாசலிலேயே நிறுத்தி, "வேற எங்கயாவது கொண்டு போம்மா. நான்தான் ஒண்ணை மாட்டி ஒண்ணைக் கழட்டுறவனாச்சே!" என்றான். மேயர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, துக்கம் விசாரிக்க வந்தவர் போல வந்து நின்றார்.

"லூசீல், நான் தார் ரோட்டைப் பத்திப் பேசினது உண்மைதான். இல்லேங்கல. அதுக்காக அதை மாகாணத்துக்கே சொல்லணுமா?"

"நீதானேய்யா மைக்கைப் பிடிச்சுச் சொன்ன. அவன் சும்மா எழுதினான்."

வெளியில் இப்படி வாய்க்கு வாய் கொடுத்தாலும், வீட்டுக்குள் வந்தால் லூசீலுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஊர் என்றால் அவளுக்கு இந்த மூன்று பேர்தான். மேயரோடும் கஸ்தோனோடும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மூன்று பேரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மகனைப் பற்றிப் பெருமைப்பட்டுக்கொள்ள எதிரில் ஆள் வேண்டாமா? ஊரே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், யாரிடம் போய்ப் பெருமைப்படுவது?

அவள் பஸ்தியேனுக்குப் போன் செய்தாள்.

"கொஞ்சம் பதமா எழுதேன்டா. எல்லாரும் நல்லவங்கதானே? அந்த மேயர் ஒரு நல்ல காரியம் பண்ற மாதிரி..."

"அம்மா, அது ரொசேர் இல்ல. அது ஒரு மேயர்."

"எனக்குக் காது குத்தாத."

"பாதி எழுதியாச்சும்மா. இப்பப் போய் மாத்தினா கதை கதையா இருக்காது."

"கதை உனக்கு. நீ மொன்ட்ரியால்ல இருக்க. நான் இங்க இருக்கணும் பஸ்தியேன். இந்த ஊர்ல, இந்த மூஞ்சிகளுக்கு நடுவுல."

மறுமுனையில் நாற்காலி கிரீச்சிட்டது. பிறகு, "சரிம்மா," என்றான். சின்னப் பையனாக இருந்தபோது மாத்திரை விழுங்கச் சொன்னால் இதே குரலில்தான் சொல்வான்.

அவன் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினான். நவம்பர் முடிவதற்குள் ஆற்றுமுனையில் எல்லோரும் உத்தமர்களாகிவிட்டார்கள். மேயர் தன் கோட்டைக் கழற்றி ஏழைக்குப் போர்த்தினார். பைனாகுலர்க்காரி அதை வைத்துப் பறவை பார்த்தாள். பட்டறைக்காரன் விதவைகளுக்கு இலவசமாக டயர் மாற்றினான். போட்டு உடைத்துக்கொண்டிருந்த வானொலிக்காரனோ பிறந்தநாள் வாழ்த்து வாசித்துக்கொண்டிருந்தான். கதையில் காற்றுப் போய்விட்டதைக் கண்ட தொலைக்காட்சிக்காரர்கள் அவசர அவசரமாக எங்கிருந்தோ வானொலிக்காரனுக்கு ஓர் இரட்டைச் சகோதரனைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவனுக்கு ஞாபகம் வேறு போய்விட்டிருந்தது.

ஊரில் பேச்சு இரண்டாகப் பிரிந்தது. "இப்பதான் பிள்ளைகளோட உக்காந்து பார்க்க முடியுது," என்றார் பாதிரியார். "எனக்கு அந்த ரெட்டைப் பையனைப் பிடிச்சிருக்கு, கண்ணு அழகு," என்றாள் தபால் நிலையத்தில் இருக்கும் பெண். "ரெண்டு பேருல யாரு எவன்னே தெரியல, நான் தூங்கிட்டேன்," என்றான் ரொட்டிக் கடைக்காரன். முதல் நாள் கொண்டாடிய அதே விமர்சகர், 'மேப்பிள் பாகில் விழுந்த ஈ போலத் தத்தளிக்கிறது இந்தக் கதை' என்று எழுதினார். லூசீல் அந்தப் பத்திரிகையை அடுப்பில் போட்டாள். ஆனால் எரிவதற்கு முன்னால் முழுவதும் படித்துவிட்டாள்.

கோயில் மண்டபத்தில் கூட்டம் கரைந்து, கிறிஸ்துமஸுக்குப் பிறகு திரையையே கழற்றிவிட்டார்கள். ஆனாலும் ஊர் முகம் மலர்ந்துதான் இருந்தது. மரியேல் வலிய வந்து பேசினாள். கஸ்தோன் பெல்ட் மாட்டிக் கொடுத்தான். வேண்டியது நடந்துவிட்டது என்று லூசீல் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததே தவிர, நெஞ்சில் பழைய குளிர்ச்சி இல்லை.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலையிலிருந்தே புயல். வீசி முடித்த வாசலெல்லாம் மறுபடி மூடிக்கொண்டிருந்தது. நாடக நேரத்தில் வீட்டில் உட்கார முடியாது. நாளைக்குப் பதிவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று லூசீல் டிராக்டரை எடுத்தாள். தெருவில் ஒவ்வொரு வீட்டுச் சன்னலிலும் டிவி வெளிச்சம் தெரிந்தது. எல்லாச் சன்னலிலும் ஒரே மாதிரி வெள்ளை வெளிச்சம். அவள் டிராக்டரை நிறுத்தி உற்றுப் பார்த்தாள். பனித்தரை. சிவப்புச் சட்டைகள் ஓடிக்கொண்டிருந்தன. ஹாக்கி!

மரியேல் வீட்டில் ஹாக்கி. கஸ்தோன் வீட்டில் ஹாக்கி. மேயர் வீட்டில், அவர் முக்காலியில் காலை நீட்டிக்கொண்டு, கையில் பீரோடு, ஹாக்கி.

யாருக்காக மகனிடம் கெஞ்சினாளோ, யார் மனம் கோணக்கூடாது என்று அவன் கதையின் பல்லைப் பிடுங்கச் சொன்னாளோ, அவர்கள் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. லூசீலுக்கு வந்த கோபத்தில் அந்தப் புயலே சின்னதாகத் தெரிந்தது. பனி வீசும் குழாயை மேயர் வீட்டுப் பக்கம் திருப்பினாள். தெருவிலிருந்த பனியை மொத்தமாக அள்ளி அவர் வாசலில், காருக்கு முன்னால், மலையாகக் குவித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பட்டாணி சூப்பைச் சூடாக்கிக் குடித்தாள்.

காலையில் மேயரின் கத்தல் ஆற்றங்கரை வரைக்கும் கேட்டது. லூசீல் போனபோது அவர் பைஜாமாவுக்கு மேல் கோட்டு மாட்டிக்கொண்டு மண்வெட்டியோடு நின்றார். கஸ்தோன் காரை இழுக்கக் கயிறு கொண்டு வந்திருந்தான். மரியேல் வேடிக்கை பார்க்க வந்திருந்தாள்.

"உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா லூசீல்? பாதையை மூடுறதுக்கா உன்னைக் கூப்பிட்டோம்?"

"நேத்து ராத்திரி என்னய்யா பார்த்த?"

மேயர் மண்வெட்டியில் ஒட்டியிருந்த பனியைத் தட்டினார்.

"என் மகன் நாடகம் ஓடுற நேரத்துல ஹாக்கி பார்க்கறியா? அதுலதான் உன்னைப் புனிதராக்கி வச்சிருக்கானே. அதையாவது பார்க்கக் கூடாதா?"

"புனிதரா? அது மனுஷனே இல்ல, மெழுகுவர்த்தி!" என்று மேயர் மண்வெட்டியைப் பனியில் குத்தினார். "முதல்ல வந்தானே, அவன் மேயர். அயோக்கியன்தான். ஆனா ஆம்பளை. ஒரு ஊரையே நடத்துறவன். இப்ப இருக்கறது கோட்டை மாட்டி வைக்கிற ஆணி. பழைய மேயரே தேவலை!"

"நீதானேய்யா மாத்தச் சொன்ன? தொப்பியைக் கழட்டிட்டு வந்து நின்னியே!"

"நான் திட்டினேன். மாத்தச் சொன்னேனா? திட்டினா நீ ஏன் பையன்கிட்டப் போய்ச் சொல்ற?"

"பின்ன, திட்டினது எதுக்கு?"

"திட்டாம? அந்த மேயர் நான்தான்னு நாலு பேருக்கு எப்படித் தெரியும்?"

லூசீல் மற்ற இருவரையும் பார்த்தாள். கஸ்தோன் கயிற்றின் முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டுக்கொண்டிருந்தான்.

"எனக்குப் பக்கத்து ஊர்லேர்ந்தெல்லாம் வண்டி வந்துச்சு லூசீல்," என்றான். "'டிவில வந்த அந்தத் திருடன் நீதானா'ன்னு கேட்டுட்டுப் போறதுக்குன்னே வந்தாங்க. இப்ப எவன் வர்றான்? விதவைங்கதான் வர்றாங்க, டயர் சும்மா மாத்தித் தருவியான்னு."

"என் தங்கச்சி ஒட்டாவாலேர்ந்து கூப்பிட்டா," என்றாள் மரியேல். "'நீ டிவில வந்துட்ட'ன்னு அழுதா. நான் 'அய்யே, அது நான் இல்ல'ன்னேன். எப்படிச் சொன்னேன்னு நினைக்கிற? நான்தான்னு அவளுக்கு நல்லாப் புரியிற மாதிரி சொன்னேன். இப்ப பறவை பார்க்கறாளாம், பறவை! நான் என்னிக்குடி பறவை பார்த்தேன்?"

வாழ்நாள் முழுக்க இதே ஊரில் இருந்தவள் லூசீல். இங்கே ஒருவர் புலம்பினால் அதில் பாதி பெருமை என்று அவளுக்குத் தெரியாதா? மரியேல் தன் மூட்டுவலியைச் சொல்வதும், மேயர் தன் வேலைச்சுமையைச் சொல்வதும் அதே ராகம்தானே? மற்ற எல்லாவற்றிலும் தெரிந்தது, மகன் விஷயத்தில் கண்ணை மறைத்துவிட்டது. தன் மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது. மூன்று பேரையும் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு டிராக்டரில் ஏறினாள். பனிமலையை மேயரே வெட்டிக்கொண்டார்.

பிப்ரவரியில் பஸ்தியேன் பஸ்ஸில் வந்து இறங்கினான். கண்ணுக்குக் கீழே கருவளையம். சாப்பாட்டு மேசையில் முள்கரண்டியால் உருளைக்கிழங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டே சொன்னான்.

"அடுத்த வருஷம் கிடையாதும்மா. சொல்லிட்டாங்க. இந்த சீசனோட முடிஞ்சுது."

லூசீல் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இன்னும் கடைசி நாலு வாரம் எழுதணும். எப்படியோ எழுதி முடிச்சிடறேன். யாரு பார்க்கப் போறா?"

நாடகம் நின்றுபோனதைவிட அந்த 'எப்படியோ' என்ற வார்த்தைதான் அவளைச் சுட்டது. பள்ளிக்கூடக் கட்டுரையில் ஒரு வரி பிடிக்கவில்லை என்றால் பக்கத்தையே கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிறவன். அந்தப் பிள்ளையின் வாயில் எப்படியோ!

"உன் பேரைப் போட்டு, எப்படியோவா? அதெல்லாம் முடியாது. பழையபடி எழுது. அந்த மூணு பேரும் அவங்க கெட்ட குணத்தைத் திருப்பிக் கேக்கறாங்க."

அவன் நம்பவில்லை. சனிக்கிழமை அவர்களே வந்து நின்ற பிறகுதான் நம்பினான். மேயர் மாமனார் அடக்கத்தில் பேசிய பேச்சை அடுக்களையில் நின்று முழுசாகப் பேசிக் காட்டினார். "உனக்குச் சரியாச் சொல்லல தம்பி. தார் ரோடு மட்டும் இல்ல, சாக்கடையும் பேசினேன்." கஸ்தோன் விளக்குக் கம்பியை எப்படித் தளர்த்த வேண்டும் என்று கை அசைவோடு விளக்கினான். டிவியில் காட்டியது தப்பு, அப்படிச் செய்தால் ரெண்டே நாளில் மாட்டிக்கொள்வார்களாம். மரியேல் தான் இந்த வீட்டில் இத்தனை வருஷம் பார்த்ததையெல்லாம் சொல்லத் தொடங்கினாள். லூசீல் அவளுக்கு அவசரமாகக் கேக் வெட்டிக் கொடுத்து வாயை அடைத்தாள். பஸ்தியேன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து எவ்வளவோ காலமாகிவிட்டது.

அவர்கள் போன பிறகு அவன் முகம் மறுபடி விழுந்துவிட்டது.

"இவங்களைத் திருப்பிக் கொண்டு வர்றது பெரிசில்லம்மா. ஆனா பார்க்கறவன் ஒண்ணு கேப்பானே. ஊரை எல்லாம் கிழிச்சுத் தொங்கவிட்ட வானொலிக்காரன், திடீர்னு எதுக்குப் பிறந்தநாள் வாழ்த்து வாசிச்சான்? அவனை யாரு அடக்கினா? அதுக்குக் கதைல பதில் இல்ல. பதில் இல்லாம முடிச்சா அது பொய்."

லூசீல் எழுந்து போய்த் தட்டுகளைக் கழுவினாள். ஏற்கெனவே கழுவி வைத்திருந்ததையும் இன்னொரு முறை கழுவினாள். பதில் அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட அவன், 'உன்னால்தான்' என்று சொல்லவில்லை. இப்போதும் சொல்லமாட்டான். அவள் வாயைத் திறக்காவிட்டால் அந்த நாடகம் அப்படியே, காரணம் தெரியாமல் மங்கிப்போன ஒன்றாக, அவன் பெயரோடு நிற்கும். திறந்தால், மூஞ்சியைக் காட்ட வேண்டிய ஊரில் அவள் மூஞ்சி?

கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"அவன் அம்மாதான் அடக்கினா."

பஸ்தியேன் நிமிர்ந்து பார்த்தான்.

"எழுது. அவனுக்கு ஒரு அம்மா. ஊர்ல மதிப்பா இருக்கணும்னு, சொந்தப் பிள்ளையோட வாயைக் கட்டினவ. எழுதுடா."

"அம்மா... எல்லாரும் பார்ப்பாங்க. ஒருத்தர் விடாம."

"பார்க்கட்டும்."

"எழுத ஆரம்பிச்சா நான் பாதில நிறுத்தமாட்டேன். பதமாவும் எழுதமாட்டேன்."

"பதமா எழுதினா உன் தோலை உரிச்சுடுவேன்," என்றாள் லூசீல். குரல் உறுதியாகத்தான் வந்தது. கைகள் மட்டும் துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தன.

மார்ச் மாதத்தில் ஆற்றுமுனையின் மேயருக்கு மறுபடி உயிர் வந்தது. இரட்டைச் சகோதரன் எங்கே போனான் என்று யாரும் கேட்கவில்லை. ஊரில் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்ல, ஹாக்கிச் சன்னல்கள் ஒவ்வொன்றாக மாறின. "செத்த நாடகத்துக்கு இப்ப என்ன உயிர்?" என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அவர்களும் பார்த்துவிட்டுத்தான் கேட்டார்கள். ஏப்ரலில், ஆற்றில் பனிக்கட்டி பாளம் பாளமாகப் புறப்பட்டுக்கொண்டிருந்த வாரத்தில், கடைசி நாள் வந்தது. மண்டபத்தில் திரையை மறுபடி கட்டினார்கள்.

லூசீல் கடைசி வரிசையில் உட்காரத்தான் நினைத்தாள். பிறகு முதல் வரிசைக்கே போய் நடுவில் உட்கார்ந்தாள். பஸ்தியேன் பின்னால் கதவருகே நின்றான்.

திரையில் அந்த அம்மா வந்தாள். மகனுக்குப் போன் செய்தாள். லூசீலுக்கு அந்தக் காட்சி தெரிந்ததுதான். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. போனை வைத்த அந்த அம்மா குளியலறைக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்றாள். தலையைச் சரிசெய்தாள். யாரோ எதிரில் வந்து தன் மகனைப் புகழ்வது போலக் கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தாள். "ஐயோ, அப்படி ஒண்ணும் பெரிசா எழுதிடல," என்றாள். திருப்தியாகவில்லை. தலையை இன்னும் சாய்த்து, மறுபடி சொல்லிப் பார்த்தாள். "அப்படி ஒண்ணும் பெரிசில்லைங்க." மறுபடி. மறுபடி. அந்தப் பக்கம் வானொலியில் மகன் பிறந்தநாள் வாழ்த்து வாசித்துக்கொண்டிருந்தான்.

லூசீலுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. இதை அவள் அவனிடம் சொல்லவில்லை. உலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. செப்டம்பர் முழுக்க அவள் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகிய வார்த்தைகள் அவை. அவள் தலையைச் சாய்க்கிற கோணம்கூட அதுவேதான்.

விளக்கைப் போட்டார்கள். முதுகுக்குப் பின்னால் ஊரே தன்னைப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. மரியேல்தான் மெல்லக் கேட்டாள், நிஜமான கரிசனத்தோடு:

"லூசீல்... அது நீ இல்லதானேடி?"

அதற்கு 'இல்லை' என்று சொல்லியிருக்கலாம். ஊரே நம்பியது போலக் காட்டிக்கொண்டிருக்கும். லூசீல் எழுந்து நின்று திரும்பினாள்.

"நானேதான். வேற யாரு? போன் பண்ணினதும் நான். கண்ணாடி முன்னாடி நின்னதும் நான்."

"அதானே பார்த்தேன்," என்றான் கஸ்தோன். மேயர் எரிச்சலோடு நாற்காலியை இழுத்தார். "கடைசிக் காட்சியைச் சொந்த அம்மாவுக்கே குடுத்துட்டான் பாரு. சாக்கடைப் பேச்சை வெட்டிட்டான்!" மண்டபம் வெடித்துச் சிரித்தது. அப்புறம்தான் கைதட்டினார்கள். நெடுநேரம் தட்டினார்கள்.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கதவருகே போனாள். பஸ்தியேன் சுவரோடு ஒட்டி நின்றான்.

"கண்ணாடி விஷயம் உனக்கு எப்படிடா தெரியும்?"

"சின்ன வயசுலேர்ந்தே பார்த்திருக்கேன்மா. எனக்குப் பள்ளிக்கூடத்துல பரிசு கிடைச்ச ஒவ்வொரு தடவையும். நம்ம வீட்டுக் குளியலறைக் கதவு சரியாச் சாத்தாது." அவன் தயங்கினான். "கோவமா?"

அவள் பதில் சொல்வதற்குள் ஆட்கள் சூழ்ந்துவிட்டார்கள். தபால் நிலையத்துப் பெண், பாதிரியார், ரொட்டிக் கடைக்காரன் எல்லோரும் வந்தார்கள். பாதிரியார் அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, "என்ன எழுத்து, லூசீல்! உங்க மகன் எப்பேர்ப்பட்ட எழுத்தாளர்!" என்றார்.

எல்லோரும் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தார்கள். லூசீல் தலையைச் சாய்க்கவில்லை.

"ஆமா," என்றாள். "என் மகன் ரொம்ப நல்லா எழுதறான்."